ஒரு வீட்டுக்கு எத்தனை டியூப்?

"களிம்பு கேக்கல சிஸ்டர்" என்று திரும்பி வருகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை டியூப் வாங்கினார்கள் என்பதைத்தான். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் சொறி சிரங்கோடு வரும் வீடுகளில் பெரும்பாலும் பதில் "ஒண்ணு". அந்த ஒன்றை ஐந்து பேர் பகிர்ந்து, அரிக்கிற இடத்தில் மட்டும் தடவியிருப்பார்கள். பெர்மெத்ரின் 5% களிம்பு அரிப்பை அடக்கும் மருந்தல்ல. தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும் கண்ணுக்குத் தெரியாத உண்ணியைக் கொல்லும் மருந்து. அரிக்காத இடத்திலும் உண்ணி இருக்கும்.

பெரியவருக்கு ஒரு தடவைக்கு 30 கிராம் டியூப் முழுசாக வேண்டும். 6 முதல் 12 வயதுக்கு அரை, 1 முதல் 5 வயதுக்குக் கால் டியூப் போதும். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் பூசக் கூடாது. அப்பா, அம்மா, அப்பத்தா, பத்து வயதுப் பையன், நாலு வயதுப் பெண் என்றால் ஓர் இரவுக்கு நாலு டியூப். ஏழு நாள் கழித்து மறுபடி நாலு. "எனக்கு அரிக்கலையே" என்று ஒதுங்குகிறவரையும் விடக் கூடாது. முதன்முறை தொற்றினால் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதற்குள் ஒரே பாயில் படுக்கிறவர்களுக்கு அவர் தொற்றைக் கொடுத்திருப்பார்.

இந்தக் கடற்கரையில் பெரிய சிக்கல் நேரம். களிம்பு உடம்பில் 8 முதல் 14 மணி நேரம் இருக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்குப் பூசிக்கொண்டு, மூன்று மணிக்கு எழுந்து வள்ளம் தள்ளப் போகிறவருக்கு ஆறு மணி நேரம்தான் கிடைக்கிறது. கை வேறு கடல் தண்ணீரில். அதனால் நாளைத் தேர்ந்தெடுப்பது மருந்தைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியம். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத ஊரில் சனி இரவு, வெள்ளி போகாத ஊரில் வியாழன் இரவு. அடுத்த வாரம் அதே கிழமை இரண்டாம் பூச்சு. விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலம் நல்ல வாய்ப்பு. மொத்தக் குடும்பமும் கரையில் இருக்கும்.

பூசும்போது தோல் குளிர்ந்து, ஈரமில்லாமல் இருக்கட்டும். வெந்நீரில் குளித்த கையோடு பூசினால் மருந்து தோலின் மேல் தங்காமல் உள்ளே போய்விடும். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை: விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புள், மார்புக்குக் கீழே, இடுப்புக் கயிறு கட்டும் இடம், பிறப்புறுப்பு, பிட்டம், நகத்துக்கு அடியில். முதுகுக்கு இன்னொருவர் கை வேண்டும். தனியாகப் பூசிக்கொள்கிறவர்கள் விட்டுவிடுவது இந்த இடத்தைத்தான். கைக்குழந்தைக்கும் வயதானவருக்கும் தலை, முகம், காதுப்பின்புறம் சேர்த்து, கண்ணையும் வாயையும் விட்டு. இடையில் மீன் கழுவினாலும், பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டாலும், கையில் திரும்பப் பூச வேண்டும். பால் கொடுக்கும் தாய் காம்பைத் துடைத்துவிட்டுக் கொடுத்து, பிறகு பூசிக்கொள்ளலாம்.

காலையில் குளித்ததும் துணி. கடந்த மூன்று நாளில் உடுத்தியது, விரித்தது, துவட்டியது மட்டும் போதும். வீட்டையே கவிழ்க்க வேண்டியதில்லை. வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து உச்சி வெயிலில் காயப்போடுவது நல்லது. குடம் குடமாகத் தண்ணீர் வாங்கும் வீட்டில் அதற்கு வழியில்லையென்றால், பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். மனித உடம்பை விட்டால் உண்ணி இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். கடலில் குளித்தால் சிரங்கு ஆறும் என்பது இங்கே ஊறிப்போன நம்பிக்கை. தோலுக்குள் இருக்கும் உண்ணியை உப்புத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. சொறிந்த புண்தான் எரியும்.

பூசிய பிறகும் இரண்டு முதல் நாலு வாரம் அரிக்கும். செத்த உண்ணிக்கும் அதன் கழிவுக்கும் தோல் காட்டும் ஒவ்வாமை அது. இதைச் சொல்லி அனுப்பாவிட்டால் தினமும் பூசத் தொடங்கி, தோல் வறண்டு, இன்னும் அரிக்கும். நாலு வாரம் தாண்டியும் அரித்தாலோ, புதிதாகக் கொப்புளம் வந்தாலோதான் மறுபடி பார்க்க வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு மோசம்: அரிப்பு அடங்கும், உண்ணி பெருகும். புண்ணில் சீழ் கட்டினால் அதற்குத் தனி மருந்து உண்டு. புண் வந்த பிள்ளைக்கு முகம் வீங்கினாலோ, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ சிறுநீரகம் பாதித்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பேனுக்கு இந்த டியூப்பை எடுக்கக் கூடாது. அதற்கு பெர்மெத்ரின் 1% லோஷன் தனி. எண்ணெய் படிந்த தலையில் மருந்து ஒட்டாது. கண்டிஷனர் இல்லாத ஷாம்பூவால் அலசி, துண்டால் துவட்டி, ஈரம் லேசாக இருக்கும்போது வேர் வரை தேய்த்து, பத்து நிமிடத்தில் வெறும் தண்ணீரில் அலச வேண்டும். காதுப்பின்புறமும் பிடரியும் முக்கியம். ஈர் எல்லாம் சாகாது, பொரிக்க 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால் ஒன்பதாம் நாள் மறுபடி. இடையில் மூன்று நாளைக்கு ஒரு தடவை ஈரத்தலையைப் பேன் சீப்பால் வேரிலிருந்து நுனி வரை வார வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத்துணியில் துடைத்துப் பார்த்தால் உயிருள்ள பேன் தெரிந்துவிடும். வேரிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி ஒட்டியிருப்பது பெரும்பாலும் பொரித்த வெறும் ஓடு. அதைப் பார்த்துப் பயந்து மண்ணெண்ணெய் ஊற்றுவதும், பூச்சிமருந்து தெளிப்பதும் உயிருக்கே ஆபத்து.