சரக்கு ரயில் கண்டக்டர் பயிற்சியில் சேர்ந்தவர்களுக்கு

அமெரிக்காவில் சரக்கு ரயில் கண்டக்டர் டிக்கெட் பார்ப்பவர் இல்லை. பெட்டிகளைக் கோர்ப்பதும் கழற்றுவதும் அவர் வேலை.

பின்னோக்கித் தள்ளும்போது ரேடியோவில் மிச்ச தூரத்தைப் பெட்டிக் கணக்கில் சொல்லுங்கள். ஒரு பெட்டி சுமார் 50 அடி. "பத்து" என்றுவிட்டு அடுத்த எண் சொல்லாவிட்டால், பாதித் தூரத்துக்குள் ஓட்டுநர் நிறுத்தியாக வேண்டும்.

கழற்றிவிடும் பெட்டிகளுக்கு முதலில் கைபிரேக். பிறகு இன்ஜின் பக்க ஆங்கிள் காக் வால்வை (பிரேக் காற்றுக் குழாயின் முனையில் உள்ள அடைப்பை) மட்டும் மூடுங்கள். நிற்கப்போகும் பெட்டியின் வால்வு திறந்தே இருக்கட்டும், கழற்றியதும் குழாயின் காற்று முழுதும் வெளியேறி எமர்ஜென்சி பிரேக் பிடிக்கும். அதையும் மூடினால் காற்று உள்ளே சிக்கி, குழாய் நெடுக அழுத்தம் சமமாகும்போது பிரேக் தானே விட்டுவிடலாம். அப்புறம் உருளுவதை யார் பிடிப்பது?

பெட்டிகளுக்கு நடுவே போகுமுன் ஓட்டுநரிடம் ரேடியோவில் பாதுகாப்பு கேட்டு (அதாவது ரயிலை நகரவிடாமல் வைக்கச் சொல்லி), பதில் வந்தபின் நுழையுங்கள். தண்டவாளத்தின் தலையில், அதாவது மேல்பரப்பில் மட்டும் மிதிக்காதீர்கள், ஈரமென்றால் சோப்புதான்.