முறைத் தண்ணீர்

ஏப்ரல் 24

எங்கள் அடுக்குமாடியின் போர்வெல் 22 நிமிஷம் ஓடியது. அப்புறம் வெறும் காற்று.

ஏப்ரல் 25

கணக்கை எழுதி வைக்கிறேன். வாய்ச் சண்டையில் எண்கள்தான் முதலில் காணாமல் போகின்றன.

எட்டு வீடு. தரைத்தளமும் மூன்று மாடியும், தளத்துக்கு இரண்டு. 29 பேர். சாக்கடை இணைப்புள்ள நகரங்களுக்கு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசாங்கக் கையேட்டு அளவு. அப்படிப் பார்த்தால் 3,915 லிட்டர். லாரி 12,000 லிட்டர், 1,800 ரூபாய். லிட்டர் 15 பைசா.

இந்த 1,800-ஐ எப்படிப் பிரிப்பது? வீட்டுக்குச் சமமாக என்றால் 225. ஒண்டியாக இருக்கும் மாமியும் 225, எதிர் வீட்டு ஆறு பேரும் 225. அங்கே தலைக்கு 37.50தான். சதுர அடிப்படி என்றால், பெரிய வீட்டைப் பூட்டிவிட்டு பெங்களூரில் இருப்பவர் தொடாத தண்ணிக்கு எல்லோரையும்விட அதிகம் தர வேண்டும். தலைக்கு என்றால் 62 ரூபாய் சொச்சம். மூன்றுக்கும் சமம் என்றுதான் பேர். அசோசியேஷன் கூட்டத்தில் மூன்று பேர் “சமமா பிரிங்க சார்” என்றார்கள். மூவர் மனதிலும் மூன்று கணக்கு.

ஏப்ரல் 27, ஞாயிறு

தீர்மானம்: காலை 6–7, மாலை 6–7 மட்டும் வால்வு திறப்பது. யார் வீடானாலும் ஒரே நேரம். கைதட்டல் வேறு.

ஏப்ரல் 28

ஒரே நேரம் என்றால் ஒரே அளவு ஆகிவிடாது. இதை நேற்றே சொல்லியிருக்க வேண்டும்.

மேல்தொட்டி அடியிலிருந்து மூன்றாம் மாடிக் குழாய் சுமார் 3 மீட்டர் கீழே. தரைத்தளக் குழாய் 12 மீட்டர். உயரம் நாலு மடங்கானால் நீர் பாயும் வேகம் இரண்டு மடங்கு. 15 லிட்டர் வாளியும் கைக்கடிகாரமுமாக: தரைத்தளத்தில் 50 வினாடி, மூன்றாம் மாடியில் ஒரு நிமிஷம் 45 வினாடி. இது ஒரு நேரத்தில் ஒரு குழாய் மட்டும் திறந்தால். இரண்டும் ஒரே இறங்கு குழாயில் இருப்பதால், காலை ஆறு மணிக்குக் கீழ்வீடு முழுசாகத் திறந்தால் மேல்வீட்டில் நூல் மாதிரி இழுக்கிறது. போதாக்குறைக்கு, தொட்டி காய்ந்து மறுபடி நிரம்பும்போது மேல் வளைவில் காற்று அடைத்துக்கொள்கிறது. காற்று வெளியேற வென்ட் பைப் இருக்கிறது. அதன் வாயில் யாரோ சிமென்ட் பூசியிருக்கிறார்கள், பல்லி விழக் கூடாதாம்.

ஏப்ரல் 30

வென்ட் பைப் உடைத்து விட்டாயிற்று. தரைத்தளக் கிளைகளில், பல சுற்று திருப்பித் திறக்கும் கேட் வால்வு போட்டு நெருக்கியாயிற்று. உள்ளே உருண்டை வைத்த பால் (ball) வால்வில் இந்த வேலை நடக்காது. கால் திருப்பலில் முழுசும் திறந்துவிடும், நடுவில் நிற்க வைத்தால் உள்ளே நீரை அடைக்கும் வளையம் தேய்ந்து ஒழுகும். கேட் வால்வும் நெருக்குவதற்கென்று செய்ததில்லை, ஆனாலும் தாங்கும். காற்று அடைப்பும் போனதால், ஒன்றரைச் சுற்றில் நிறுத்தினால் இரண்டு தளத்திலும் வாளிக்கு ஒன்றேகால் நிமிஷம்.

சாயங்காலமே கீழ்வீட்டுக்காரர்: “என் வீட்டுக் குழாயை நெருக்க உங்களுக்கு யார் சார் அதிகாரம் கொடுத்தது?”

கேள்வி தப்பில்லை. அவர் யாருடைய தண்ணியையும் திருடவில்லை, குழாயைத் திறந்தார், அவ்வளவுதான். ஆனால் அவருக்குக் கிடைத்த அதிகப்படி அவர் சம்பாதித்ததும் இல்லை. கட்டடத்தின் உயரம் கொடுத்தது. இந்த வேறுபாட்டை மாடிப்படியில் நின்றுகொண்டு பேச முடியவில்லை.

மே 2

வால்வு திருப்புவது வாட்ச்மேன் அண்ணன்.

ஏரிப் பாசனத்தில் முறை வைத்து மடை திறக்க நீர்கட்டி இருப்பார். பல ஊர்களில் அந்த ஆயக்கட்டில், அதாவது ஏரி பாயும் பரப்பில், நிலமே இல்லாதவர், பெரும்பாலும் தலித். தனக்கு வயல் இல்லாததால் பாரபட்சம் இருக்காது என்று இதற்கு நியாயம் சொல்வார்கள். பங்கே இல்லாதவரிடம் பங்கு பிரிக்கக் கொடுப்பது எனக்கு எப்போதும் இடிக்கும்.

மே 3

நேரம் வைத்த பிறகு செலவு கூடியிருக்கிறது! முன்பு நாளைக்கு 2,900 லிட்டர், இப்போது 3,300. காரணம் டிரம். மறுவேளை வருமோ வராதோ என்று எல்லோரும் பிடித்து வைக்கிறார்கள். மறுநாள் புதுத் தண்ணி வந்ததும் “பழைய தண்ணி” என்று பால்கனியில் கொட்டுகிறார்கள். குழாயில் எப்போதும் வரும் என்ற நம்பிக்கை இருந்தவரை யாருக்கும் டிரம் தேவைப்படவில்லை.

மே 4

அக்னி ஆரம்பம். லாரி வரவில்லை.

மே 5

தலைக்கணக்கு எடுக்கப் போனேன். ஆளுக்கு இத்தனை என்றால் ஆளை எண்ண வேண்டும், எண்ணக் கதவைத் தட்ட வேண்டும். இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் பையன்கள் நாலு பேரா ஐந்து பேரா? ஊரிலிருந்து வந்த அம்மா எத்தனை நாள் தங்குவார்? பிரசவத்துக்கு வந்திருக்கும் பெண் ஒரு தலையா, ஒன்றரையா?

ஒரு பையன் கேட்டான்: “அண்ணா, என்கூட யார் தங்கறாங்கன்னு அசோசியேஷன்ல எழுதி வெக்கணுமா?” தண்ணிக்கு என்று ஆரம்பித்த நோட்டு இன்னும் ஆறு மாசத்தில் எதற்குப் பயன்படும் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆகவே பேர் எழுதவில்லை, எண் மட்டும். அவரவர் சொல்வதுதான் எண். பொய் சொல்வார்கள். சொல்லட்டும்.

மே 7

தெரு முனையில் இருக்கும் சின்டெக்ஸ் டேங்கில் குட வரிசை. ஆள் நிற்பதில்லை, குடம் நிற்கிறது. குடம் பத்தாதவர் செங்கல்லை வைக்கிறார். செங்கல்லுக்கும் மரியாதை உண்டு, யாரும் நகர்த்துவதில்லை. சுற்றுக்கு இரண்டு குடம், திரும்பவும் கடைசியில் போய் நிற்க வேண்டும். பார்த்தால் அப்பழுக்கில்லாத சமத்துவம். ஏழு மணிக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பும் அக்காவுக்கு ஒரே சுற்றுதான் வாய்க்கிறது. வீட்டில் இருப்பவருக்கு நாலு சுற்று. இன்று அந்த அக்காவின் இரண்டு குடத்தோடு பின்னால் நின்ற பெண் தன் ஒரு குடத்தையும் நிரப்பி அனுப்பினாள். விதியில் அதற்கு இடம் இல்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

மே 9

பக்கத்து மனையில் போர், 380 அடி. நம்முடையது 180. பாறை இடுக்கில் ஓடும் தண்ணி எது ஆழமோ அங்கே போகும்.

1882-ஆம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டம், பிரிவு 7: தன் நிலத்துக்கு அடியில், வரையறுத்த கால்வாயாக ஓடாத நீரை எடுத்துக்கொள்வது நில உரிமையாளரின் உரிமை. அவர் மண், அவர் தண்ணி. சென்னைக்கு 1987-இல் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கிணறு வெட்ட அனுமதி, லாரியில் ஏற்றி விற்க உரிமம் என்று. இரண்டு சட்டமும் ஒரே மண்ணைத்தான் பார்க்கின்றன.

பக்கத்து மனைக்காரரைத் திட்ட வாயெடுத்தால், நம் லாரி எங்கே நிரப்புகிறது என்ற கேள்வி வருகிறது. தெற்கே ஏதோ வயல் கிணறு. அந்த வயலுக்காரரின் சுதந்திரத்தைத்தான் லிட்டர் 15 பைசாவுக்கு வாங்குகிறோம். அவர் பக்கத்து வயல்காரர் ஏப்ரலிலேயே நம்மைப்போல 22 நிமிஷத்தில் நின்றிருப்பார்.

மே 10

தூக்கமில்லை. மகாத் ஞாபகம், தலித்துகளைக் குளத்தில் தண்ணி எடுக்க விடாத மகாராஷ்டிர ஊர். சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக நகராட்சி முன்பே தீர்மானம் போட்டிருந்தது. ஆனாலும் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் போய் அள்ளிக் குடித்தது 1927 மார்ச் 20. அதற்கு எதிராக நீதிமன்றம் போனவர்கள் சொன்ன வாதம்: குளம் தனிச்சொத்து. பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்கள் மேல்முறையீட்டைத் தள்ளி முடித்தது 1937-இல். சொத்து, உரிமை, என் எல்லை என்ற வார்த்தைகளை இங்கே மாடிப்படியிலும் தினம் கேட்கிறேன். அங்கே அவை வேறொன்றை மூடி வைக்கப் பயன்பட்டன. இங்கே அப்படி இல்லை என்று முழுசாகச் சொல்லத் துணியவில்லை. வேலைக்கு வரும் பெண்களுக்கு எந்தக் குழாய் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

மே 12

என் திட்டம். ஆளுக்கு நாளைக்கு 70 லிட்டர் பொதுச் செலவில். அதற்கு மேல் 120 வரை லிட்டர் 15 பைசா, அதையும் தாண்டினால் 30. எதற்குச் செலவழிக்கிறீர்கள் என்று யாரும் கேட்கக் கூடாது. செடிக்கு ஊற்றட்டும், காரைக் கழுவட்டும்.

இதில் ஓட்டை ஒன்று உண்டு. தரைக்கு அடியில் இருக்கும் சம்ப் தொட்டி காலியாகும்போது விலை வேலை செய்யாது. 30 பைசா கொடுக்கிறவர் கடைசி வாளியையும் எடுத்துவிடுவார். ஆகவே சம்ப் சுவரில் சிவப்புக் கோடு. 70 லிட்டர், 29 பேர், இரண்டு நாள்: 4,060 லிட்டர். சம்ப் அடி 3 மீட்டருக்கு 2.5 மீட்டர், ஆகக் கோடு 54 செ.மீ. உயரத்தில். தண்ணி கோட்டுக்கு மேலே இருந்தால் வால்வு நேரம் கிடையாது, அவரவர் இஷ்டம். கீழே போனால் காசு செல்லாது, முறை மட்டும்.

மே 14

மீட்டருக்கு மேற்கு வரிசை நாலு வீட்டில் வெள்ளோட்டம். வீட்டுக்கு ஒரு மீட்டர் போதும் என்று நினைத்தவர்களுக்கு: பழைய கட்டடத்தில் சமையலறைக்கு ஒன்று, இரண்டு பாத்ரூமுக்கு இரண்டு என்று தனித்தனி இறங்கு குழாய். நாலு வீட்டுக்கு 12 மீட்டர், ஒன்று 1,600 ரூபாய், 19,200. பல துளை வழியாக நீர் பாய்ந்து சக்கரம் சுற்றும் மல்டிஜெட் மீட்டரைப் படுக்கை வசத்தில், முகம் மேலே பார்க்கத்தான் வைக்க வேண்டும். குழாய்கள் இறங்கும் ஷாஃப்ட்டில் நிற்கும் குழாயிலேயே செங்குத்தாக மாட்டினால் குறைவான ஓட்டத்தில் சரியாகச் சுற்றாது. வீட்டுக்குள் திரும்பும் கிளையில் இடம் பிடித்தார் பிளம்பர். வடிகட்டியை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும், போர் மணல். தொட்டி காய்ந்தால் காற்றுக்கும் மீட்டர் ஓடும். மூன்றாம் மாடிக்காரர்தான் அந்தக் காற்றுக்குக் காசு கொடுப்பார்.

மே 17

லாரி வந்தது, ராத்திரி 1.40.

மே 18, ஞாயிறு

கோடு போட பெயின்ட் டப்பாவுடன் சம்புக்குள் இறங்கிய வாட்ச்மேன் அண்ணன் மேலே பார்த்து, “நானும் வூட்டுக்காரம்மாவும் இந்த இருபத்தொம்போதுல உண்டுங்களா சார்?”

இல்லை.

31 பேர். 4,340 லிட்டர். கோடு 58 செ.மீ.

மே 20

மேற்கு வரிசை, 13 பேர். மீட்டர் கூட்டுத்தொகை 1,090 லிட்டர். மேல்தொட்டி மேற்கு அறை ஒரு செ.மீ. இறங்கினால் 50 லிட்டர். அளவுக்கோல் காட்டியது 30 செ.மீ., அதாவது 1,500. இடையில் 410 லிட்டர். “நாலு வீட்டுக்கும் சமமா போட்டுடுங்க” என்கிறார் முதல் மாடி.

மே 21

ராத்திரி 11 முதல் 5 வரை தொட்டி 2 செ.மீ. இறங்கியிருக்கிறது. 100 லிட்டர், மணிக்கு 17. இந்த வகை மீட்டருக்கு மணிக்கு 30 லிட்டருக்குக் கீழே போனால் கணக்கு நிச்சயமில்லை. 12 மீட்டரிலும் முள் அசையவில்லை.

கீழிருந்து இரண்டாவது கிளையில் காது வைத்தேன். சத்தம் இருக்கிறது. ஃப்ளஷ் டேங்க். முதல் மாடி.