வீட்டிலேயே பல் வெண்மை: எது எவ்வளவு வேலை செய்தது

சிறுவயதிலிருந்தே காபிப் பழக்கம். கீழ்வரிசைப் பற்களின் உள்பக்கம் பழுப்பேறி, முன்பற்கள் மங்கிய மஞ்சளாக இருந்தன. வீட்டில் செய்யக்கூடியதையெல்லாம் செய்து பார்ப்பது என்று முடிவெடுத்தேன். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் மனசு நினைப்பதுதான் தெரியும். அதனால் காலை வெளிச்சத்தில், ஒரே ஜன்னலோரம், பல்லுக்குப் பக்கத்தில் வெள்ளைத்தாளைப் பிடித்து அவ்வப்போது போட்டோ எடுத்து வைத்தேன்.

முதலில் உமிக்கரியும் உப்பும். காபிக் கறை ஓரளவு குறைந்தது உண்மை, ஆனால் மஞ்சள் அப்படியே இருந்தது. நுனிவிரலில் எடுத்தாலே மணல்போல நறநறக்கும் பொடி அது. தினமும் தேய்த்தால் கறையோடு பல்லின் கடினமான மேலோடான எனாமலும் தேயும், தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. கடையில் விற்கும் கரி பேஸ்ட்டிலும் இதைவிடப் பெரிய பலன் தெரியவில்லை. ஈறு ஓரத்தில் கருப்பு தங்கியதுதான் மிச்சம்.

சமையல் சோடா இதைவிட மென்மையானது, மேல்கறையை நன்றாகவே எடுத்தது. ஆனால் அதில் எலுமிச்சை பிழிந்து தேய்க்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு ஏறக்குறைய 5.5-க்குக் கீழே போனாலே எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டியது. நல்லெண்ணெய் கொப்பளித்ததில் வாய் சுத்தமாக உணர்ந்தேன், போட்டோவில் நிறம் மாறவே இல்லை. நீலநிறமி கலந்த வெண்மை பேஸ்ட் போட்டுத் துலக்கியதும் பல் பளிச்சென்று தெரியும். அந்த நீலம் மஞ்சளை மறைக்கிறது, அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் பழையபடி ஆகிவிடும்.

அப்புறம்தான் பல் டாக்டரிடம் போனேன். க்ளீனிங் செய்தால் பல் ஆடும் என்று வீட்டில் பயமுறுத்தினார்கள். பல்லை ஆட்டம் காண வைப்பது பல்லில் கெட்டியாகப் படியும் காறைதான், அதை எடுப்பது இல்லை. உள்பக்கப் பழுப்பு அன்றைக்கே போய்விட்டது. மிச்சமிருந்த மஞ்சளுக்குக் காரணம் எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின். அதன் இயல்பான நிறமே மஞ்சள்தான். வயது ஏற ஏற எனாமல் மெலிந்து அது கூடுதலாகத் தெரியும். அங்கே எந்தப் பொடியும் எட்டாது, வெளுக்கவைக்கும் ரசாயனமான பெராக்சைடுதான் உள்ளே போய் வேலை செய்யும்.

அளவெடுத்து, பல்லோடு ஒட்டி உட்காரும் மெல்லிய பிளாஸ்டிக் ட்ரே செய்து தந்தார். கூடவே 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல். அது வாயில் பிரிந்து தரும் ஹைட்ரஜன் பெராக்சைடு சுமார் 3.5 சதவீதம்தான். 1989-இலிருந்தே பல் மருத்துவத்தில் எழுதப்பட்டுவரும் முறை இது. ராத்திரி துலக்கிவிட்டு, ஒவ்வொரு பல்லுக்கும் அரிசிமணி அளவு ஜெல் வைத்து, ட்ரேயை மாட்டி, ஈறில் வழிந்ததைத் துடைத்துவிட்டுத் தூங்க வேண்டும். வழிந்ததை விட்டால் ஈறு வெளுத்து எரியும்.

முதல் வாரத்தில் பல் கூச்சம் நன்றாகவே இருந்தது. தண்ணீர் பட்டால் மேல் முன்பல்லில் சுரீரென்று இழுக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஜெல் வைக்கச் சொன்னார், இடைநாளில் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட்டை அதே ட்ரேயில் கொஞ்சநேரம் வைக்கச் சொன்னார். கூச்சம் அடங்கியது. இரண்டாவது வாரத்தில் போட்டோவிலேயே வித்தியாசம் தெரிந்தது. டாக்டரின் நிற அட்டையில் எண் குறையக் குறைய நிறம் வெளிரும்; ஏ3 ஆக இருந்தது ஏ2-ஐத் தாண்டி ஏ1 பக்கம் வந்திருந்தது. கடையில் விற்கும், பல்லில் ஒட்டும் வெண்மைப் பட்டைகளிலும் பெராக்சைடுதான். ஆனால் என் கோணல் பல்லின் இடுக்கில் அது ஒட்டவில்லை, அங்கே மஞ்சள் தங்கிவிட்டது. பல்வரிசை நேராக இருப்பவர்களுக்கு அது போதும் என்றே நினைக்கிறேன்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. என் அண்ணிக்குத் தர்மபுரி, அங்கே பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் உருவாகும்போதே எனாமலில் ஏறிய பழுப்புத் திட்டுகள் அவருடையவை. அவரை ஜெல் எதையும் தொடாமல் நேரே டாக்டரிடம் காட்டச் சொன்னேன். கர்ப்பிணிகளும் சொத்தைப்பல் உள்ளவர்களும் இதைத் தள்ளிவைக்க வேண்டும்.

பல் அடைத்த இடமும் பல்மேல் மாட்டிய உறையும் (கேப்) வெளுக்காது. என் முன்பல்லில் பழைய ஃபில்லிங் மட்டும் தனியாகத் தெரிந்தது. ஜெல்லை நிறுத்தி இரண்டு வாரம் பொறுத்து, புது நிறத்துக்கு ஏற்ப அதை மாற்றிக்கொண்டேன்.