கிணற்றேடு

நான் எழுதிக்கொண்டிருக்கும் கதையில் வெள்ளாரம் என்று ஒரு கற்பனை நாடு வருகிறது. மேற்கே மலை மழையைப் பிடித்துக்கொள்ள, இந்தப் பக்கம் வெறும் காற்று மட்டும் வந்து சேரும் மேட்டுக்காடு. கொங்கு நாட்டில் பிறந்தவனுக்கு அதைக் கற்பனை செய்யப் பெரிய சிரமம் ஒன்றுமில்லை. அந்த ஜனங்களுக்கு ஒரு புனித நூல் வேண்டும் என்றபோது, எரித்தாலும் எரியாத, மந்திரம் எழுதிய, ஒரே ஒரு பெரிய புத்தகத்தை வைக்க எனக்கு மனசு வரவில்லை. தண்ணீருக்குத் தவிக்கிறவர்கள் எந்த அறிவைக் கும்பிடுவார்கள்? பூமிக்குள் தண்ணீர் எங்கே கிடக்கிறது என்பதைத்தான்.

அதனால் வெள்ளாரத்தில் ஊருக்கு ஒரு கிணற்றேடு. எந்த இடத்தில் தோண்டினார்கள், செம்மண் எத்தனை முழம், அதற்குக் கீழே சுக்கான் கல் எத்தனை முழம், பாறை எங்கே ஆரம்பித்தது, ஊற்று எந்தத் திசையிலிருந்து வந்தது, எல்லாம் அதில் இருக்கும். தண்ணீர் வராத கிணறுகள்தான் முதல் ஓலைகளில் வரும், வெட்டும்போது செத்துப்போனவர்களின் பெயரோடு. பூசையன்று அந்தப் பெயர்களைப் படித்து முடித்த பிறகுதான் தண்ணீர் வந்த கிணறுகளின் ஓலைகளுக்கே போகலாம்.

ஏடு பனையோலைதான். எழுத்தாணியால் கீறும்போது ஓலை கிழிந்துவிடக் கூடாது என்று நம் பழைய ஏடுகளில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். வாசிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால்தான் தடுமாறாமல் படிக்க முடியும். வெள்ளாரத்திலும் அப்படியே வைத்திருக்கிறேன். ஏட்டைத் திருடிக்கொண்டு போகலாம், ஆனால் சொல்லிக்கொடுக்க ஓர் அப்பாரோ ஆத்தாவோ இல்லாமல் அதை வைத்து ஒரு குழிகூட வெட்ட முடியாது.

சரி, எழுதுகிறவர் கை தவறினால்? இதற்கு வழி அறச்சலூரில் கிடைத்தது. ஈரோடு பக்கம் நாகமலையில் இருக்கும், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டில், த, தை, தா என்று இசைக்கான எழுத்துகள் வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை வெட்டியிருக்கிறது. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒரே மாதிரி வரும். எழுதியவர் பெயர் தேவன் சாத்தன் என்றும் அங்கேயே இருக்கிறது. நட்டநடு எழுத்தைத் தவிர வேறு ஓர் எழுத்து மாறினால் போதும், தவறு நடந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். எவ்வளவு பெரிய யோசனை! வெள்ளாரத்தில் கிணற்றின் ஆழக் கணக்கை இப்படி எழுத்துக் கட்டமாக மாற்றித்தான் எழுதுவார்கள்.

ஒரே பிரதியை நம்பியிருப்பது எனக்குப் பயமாகவே இருக்கிறது. விஜயமங்கலத்துக்காரர் என்று நாம் கொண்டாடும் கொங்குவேளிரின் பெருங்கதை என்ற பழைய காப்பியத்தை உ.வே.சாமிநாதையர் 1924-இல் அச்சிட்டபோது, அதற்கு முதலும் இல்லை, முடிவும் இல்லை. ஓலை போனால் போனதுதான். அதனால் வெள்ளாரத்துப் பெண் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகும்போது, தாய்வீட்டு ஏட்டைத் தன் கையாலேயே படியெடுத்துக்கொண்டு போவாள். சீரில் முதலில் வைப்பது அதைத்தான், நகையெல்லாம் அப்புறம்.

ஓலை செல்லரிக்க ஆரம்பித்தால் ஊர்கூடிப் புது ஏடு எழுதுவார்கள். பழையதை ஆற்றில் விட வெள்ளாரத்தில் ஆறு ஏது? எரித்து, அந்தக் கரியையே புது ஓலையில் தேய்த்து எழுத்து தெரியும்படி செய்வார்கள். பழைய எழுத்து புது எழுத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. கதையின் முடிச்சும் அங்கேதான் விழுகிறது: புது ஏட்டில் ஒரு கட்டம் சேரவில்லை, எந்த எழுத்து சரி என்று பார்க்கப் பழைய ஓலை கரியாகிவிட்டது. கோடை வருவதற்குள், ஊரைவிட்டுக் கல்யாணமாகிப் போன அத்தைகளைத் தேடி என் நாயகி கிளம்ப வேண்டும். இப்போது எழுதிக்கொண்டிருப்பது அந்தப் பயணத்தைத்தான்.