நான்கு மணிநேரம் என்ற கணக்கு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் வாழ்பவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு மணிநேர நேரடிப் பராமரிப்பு கிடைக்க வேண்டும் என்பதை 2021ஆம் ஆண்டுச் சட்டம் இலக்காக வைத்தது. 2 மணி 45 நிமிடமாக இருந்த சராசரியைப் படிப்படியாக உயர்த்தி, 2025 மார்ச் 31இற்குள் நான்கு மணியை எட்டுவதே திட்டமாக இருந்தது. அதற்கென்று பணம் ஒதுக்கப்பட்டதையும், குளிப்பாட்டல், உணவூட்டல் போன்றவற்றைச் செய்யும் பி.எஸ்.டபிள்யூ. (தனிப்பட்ட பராமரிப்பு உதவியாளர்) பணியாளரின் சம்பளம் மணிக்கு மூன்று டொலர் கூடியதையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ரொறன்ரோவின் ஸ்காபுறோப் பக்கத்து இல்லமொன்றில் ஆர்.பி.என். (பதிவுபெற்ற நடைமுறைத் தாதி) தாதியாக வேலை செய்யும் எனக்குள்ள மனத்தாங்கல், அந்தச் சராசரி கணக்கிடப்படும் விதத்தைப் பற்றியது.

தாதியரும் பி.எஸ்.டபிள்யூ. பணியாளரும் வேலை செய்த மணிநேரங்களைக் கூட்டி, அங்கு வாழ்பவர்களின் தொகையால் வகுத்து, மாகாணம் முழுவதற்குமாகச் சராசரி எடுக்கிறார்கள். ஆகவே ஓர் இல்லம் நான்கரை மணியும் அதேயளவான இன்னோர் இல்லம் மூன்றரை மணியும் கொடுத்தாலும் கணக்கு நேராகிவிடும். ஒரே இல்லத்துக்குள்ளும் இதே கதைதான். 32 பேர் வாழும் ஒரு பிரிவுக்கு நான்கு மணி வீதம் 128 மணிநேரம் வரும். ஏழரை மணிநேர வேலைமுறைகளாக (ஷிப்ட்) பிரித்தால் ஏறத்தாழ 17 பேரின் உழைப்பு. தாளில் பார்க்கத் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பங்கு, எழுப்பிக் குளிப்பாட்டி உணவூட்டும் பகல் வேளையிலேயே செலவாகிவிடுகிறது. இரவு பதினொரு மணிக்குப் பிறகு எங்கள் இல்லத்தில் பிரிவொன்றுக்கு இரண்டு பி.எஸ்.டபிள்யூ., இரண்டு பிரிவுகளுக்கு ஓர் ஆர்.பி.என்., கட்டடம் முழுவதற்கும் ஓர் ஆர்.என். (கூடுதல் தகுதி பெற்ற பதிவுத் தாதி) என்பதே வழக்கம். எந்நேரமும் ஓர் ஆர்.என். கட்டடத்தில் இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது; உள்ளே 80 பேர் இருந்தாலும் 200 பேர் இருந்தாலும் அந்த ஒருவரே போதும்.

பகலிலும் நிலைமை அவ்வளவு வசதியானதல்ல. காலை எட்டு மணி மருந்தை ஒரு மணிநேரம் முன்பின்னாகக் கொடுக்கலாம் என்பது நாங்கள் பின்பற்றும் முறை. அதாவது 32 பேருக்கு 120 நிமிடம், ஆளுக்கு நான்கு நிமிடம்கூட இல்லை. அந்த நேரத்துக்குள் சாப்பாட்டுக்கு முன்பு இரத்தச் சீனி அளந்து இன்சுலின் போட வேண்டும். விழுங்க முடியாதவர்களுக்குக் குளிசையைப் பொடித்து அப்பிள் கூழில் கலக்க வேண்டும். பொடிக்கக்கூடாத குளிசை எது என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். டிமென்ஷியா (மறதிநோய்) உள்ள ஒருவர் வாயை இறுக மூடிக்கொண்டால், அவரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போய்ப் பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வருவதே சரியான வழி. அவசரப்படுத்தினால் கரண்டி தட்டிவிடப்படும். அந்த மருந்தை மறுபடியும் முதலிலிருந்து தயாரிக்க வேண்டும். இதற்கிடையில் யாரோ ஒருவர் குளியலறையில் விழுந்து, விழுந்ததை எவரும் பார்க்கவில்லையென்றால், தலையில் அடிபட்டிருக்கலாம் என்றே கருதிக் கண்மணியைச் சோதித்து, பிரஷர் எடுத்து, குறித்த இடைவெளிகளில் அதையே திரும்பத் திரும்பச் செய்து, மருத்துவருக்கும் குடும்பத்தினருக்கும் அறிவித்து, அறிக்கையும் எழுத வேண்டும். மருந்து வண்டி பூட்டியபடி நடைபாதையில் நிற்கும்.

அன்றைக்கு ஒருவர் வேலைக்கு வரவில்லையென்றால் எல்லாமே குலைந்துவிடும். “இண்டைக்கு ஆள் குறைவு, பார்த்துச் செய்யுங்கோ” என்று சொல்லிவிட்டு மேற்பார்வையாளர் அடுத்த தளத்துக்குப் போய்விடுவார். படுக்கையிலிருந்து தூக்கும் இயந்திரத்தை இருவர் சேர்ந்தே இயக்க வேண்டும் என்பது எங்கள் இல்லத்தின் விதி. ஆகவே ஒருவர் குறைந்தால் இரண்டாவது ஆளுக்காகக் காத்திருக்கும் நேரம்தான் கூடும். அதன் பொருள், நனைந்த உடையோடு ஒருவர் இன்னும் அரைமணிநேரம் படுத்திருக்கிறார் என்பதே. தற்காலிக ஆட்களை அனுப்பும் ஏஜென்சியிலிருந்து ஆள் வந்தாலும் எங்களைவிடக் கூடுதல் செலவில் வரும் அவருக்கு யார் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், விழுங்கச் சிரமப்படும் யாருக்குத் தண்ணீரைத் தடிப்பாக்கிக் கொடுக்க வேண்டும் என்பது தெரியாது. அது அவருடைய குற்றமல்ல. ஆனால் அவர் வேலை செய்த மணிநேரமும், பல ஆண்டுகளாக அந்த முதியவரைத் தெரிந்தவரின் மணிநேரமும் சராசரிக்குள் ஒன்றாகவே விழுகின்றன.

இந்த விடயம் முன்னரே சரியாகச் சொல்லப்பட்டிருந்தது என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஒன்ராறியோவில் முதியவர்கள் எட்டுப் பேரை இன்சுலின் ஏற்றிக் கொன்ற தாதியின் வழக்கைத் தொடர்ந்து அமைந்த பொது விசாரணை, 2019 யூலையில் அறிக்கை வெளியிட்டபோது, பகல், மாலை, இரவு ஆகிய ஒவ்வொரு வேலைமுறையிலும் எத்தனை தாதியர் தேவை என்று ஆராயுமாறு அரசைக் கேட்டது. ஓராண்டு கழித்து வந்த ஆளணி ஆய்வில் முன்னுக்கு நின்றது நான்கு மணிநேரச் சராசரி. அதற்கு முன்னரே கொவிட் வந்து, 2020 வசந்தத்தில் முதலில் ஐந்து இல்லங்களுக்குக் கனேடிய இராணுவத்தை அனுப்ப நேர்ந்திருந்தது. சிப்பாய்கள் கண்டு எழுதியவற்றில் ஆளில்லாமையும் ஒன்று. அந்த அதிர்ச்சிக்குப் பின்னர் ஓர் எளிய எண் எல்லோருக்கும் தேவைப்பட்டது. அரசியல்வாதி மேடையில் சொல்ல அது வசதியானது. வேலைமுறை வாரியாக ஆட்கணக்கு எழுதினால், ஆள் குறைந்த இரவுக்கு யாராவது பதில் சொல்ல வேண்டி வரும்.

எங்கள் இல்லத்தில் தமிழ் முதியவர்களும் இருக்கிறார்கள். டிமென்ஷியா முற்றும்போது பலருக்குப் பின்னாளில் கற்ற ஆங்கிலம் முதலில் போய்விடுவதால், இரவில் “பிள்ளை, தண்ணி” என்று கேட்பது விளங்கக்கூடியவர் பல நாட்கள் மாடியில் வேறு பிரிவில் இருப்பார். மணிநேரக் கணக்கில் இதற்கு இடமே இல்லை.

அமெரிக்காவில் முதியோர் இல்லங்கள், ஒவ்வொரு வேலைமுறையிலும் எத்தனை தாதியரும் உதவியாளரும் கடமையில் இருக்கிறார்கள் என்பதைப் பார்வையாளர் காணும் இடத்தில் நாள்தோறும் ஒட்ட வேண்டும் என்று கூட்டாட்சி விதி இருக்கிறது. அங்கேயும் ஆட்பஞ்சம் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் மகளோ மகனோ வாசலிலேயே எண்ணைப் பார்க்கலாம். எங்கள் வாசலில் கைகழுவும் அறிவிப்பும் பிங்கோ அட்டவணையும் இருக்கின்றன. அம்மாவை அல்லது அப்பாவை இத்தகைய இல்லத்தில் விட்டிருப்பவர்கள் சராசரியைக் கேட்க வேண்டாம். இந்தத் தளத்தில் இன்றிரவு எத்தனை முதியவர்களுக்கு எத்தனை பணியாளர், அந்தப் பணியாளரில் எத்தனை பேர் ஏஜென்சி ஆட்கள் என்று கேளுங்கள். கடமையிலுள்ள தாதியை விட்டுவிட்டு, நிர்வாகியிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். பதிலும் எழுத்தில் வரட்டும்.