தனுஷ்கோடி எங்கே இருக்கிறது, ஐயா?

1970களின் பிற்பகுதியில் இராமேசுவரம் ரயில் நிலையத்தில் பயணச்சீட்டு எழுத்தராக இருந்தேன். இலங்கையின் தலைமன்னாரிலிருந்து கப்பல் வந்த நாள்களில், சுங்கச் சோதனை முடித்துத் தகரப்பெட்டியும் மூட்டையுமாகத் தாயகம் திரும்பிய, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர்களை நிலையத்தில் நிறையப் பார்க்கலாம். அவர்களில் ஒரு முதியவர் ஜன்னலருகே வந்து, "ஐயா, சின்னப்புள்ளையில தனுஷ்கோடியிலதான் ரயில விட்டு எறங்கிக் கப்பல் ஏறினோம். அந்த டேசன் எங்க?" என்று கேட்டார். "அது கடல்ல போயிருச்சு பெரியவரே" என்றேன். அவர் நகரவில்லை. அந்தப் பதில் போதவில்லை என்ற உறுத்தல்தான் மூத்த ஊழியர்களிடம் என்னைக் கேட்டறிய வைத்தது.

கொழும்பு செல்பவர்கள் முன்பு தூத்துக்குடியில் கப்பலேறி நெடுங்கடலைக் கடந்தார்கள். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தபின் சென்னையிலிருந்து கிளம்பிய போட் மெயில் ரயில் தனுஷ்கோடித் துறைக்கே போனது. அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் தலைமன்னார், இறங்கினால் அக்கரை ரயில். சென்னையில் வாங்கிய ஒரே சீட்டு, கப்பலையும் சேர்த்துக் கொழும்பு வரை செல்லுபடியானது. சீட்டு விற்றே பிழைத்த எனக்கு இன்றும் அதுதான் பெரிய வியப்பு. ஆனால் தோட்டத் தொழிலாளர்களின் பயணம் அத்தனை இலகுவானதல்ல. மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காக அவர்களைத் தங்கவைத்த பிறகே கப்பலேற்றினார்கள்.

1964 அக்டோபர் 30 அன்று இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, மலையகத் தமிழர்களில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியா திரும்புவதென முடிவாயிற்று. இரண்டு மாதம்கூட ஆகவில்லை; டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில், பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அலையில் அழிந்தது. பாம்பன் பாலத்தை 46 நாளில் சீர்செய்தார்கள். தனுஷ்கோடிப் பாதையை மீண்டும் போடவில்லை. ஆகவே, போன வழியிலேயே திரும்பிவர அந்த மக்களுக்கு வாய்க்கவில்லை. வந்து இறங்கியவர்களில் பலரை முதலில் ஏற்றதும் அதே மண்டபம் முகாம்தான்.

ஒரு விடுப்பு நாளில் மீன் லாரியில் தொற்றிக்கொண்டு தனுஷ்கோடிக்குப் போனேன். நிலையத்தின் சுவர்களும் தண்ணீர்த் தொட்டியும் நின்றிருந்தன. மணலைக் கையால் விலக்கியபோது துருவேறி இரட்டிப்பாகப் பருத்த தண்டவாள ஆணி ஒன்று தட்டுப்பட்டது; தொட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது. ஒருபுறம் பெண்கடல் என்று ஊரார் சொல்லும் வடகடல் அசையாமல் கிடக்க, மறுபுறம் ஆண்கடல் எனும் தென்கடல் இரைந்துகொண்டிருந்தது.

அதன்பின் யாராவது தனுஷ்கோடியைக் கேட்டால், கூட்டம் குறையும்வரை இருக்கச் சொல்லி, வெளியே வந்து தென்கிழக்கே கைகாட்டி முழுவதையும் சொல்வேன். 1984இல் கப்பல் நின்றதோடு அப்படிக் கேட்பவர்களும் வருவதில்லை.