எலிமினேஷன் தெரிந்தவனுக்கு கிராஃப் எதற்கு?

அக்கா மகன் உயர்நிலை இரண்டு படிக்கிறான். சிங்கப்பூரின் யீஷூனில் பக்கத்து புளோக்தான் என்பதால் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். இப்போது அவனுக்கு ஒருங்கமை சமன்பாடுகள், அதாவது இரண்டு சமன்பாடுகளுக்கும் ஒருசேரப் பொருந்தும் விடையைக் கண்டுபிடிப்பது. "எலிமினேஷன்ல ரெண்டு நிமிஷத்துல வருது சித்தி. அப்புறம் ஏன் கோடு போடச் சொல்றாங்க?" என்றான். எலிமினேஷன் என்றால் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, தெரியாத இரண்டில் ஒன்றை நீக்கும் முறை. கேட்க வேண்டிய கேள்விதான்.

ஒரு சாப்பாட்டுக் கடைக் கணக்கை எழுதிக் கொடுத்தேன். 3 பரோட்டா, 2 தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) 7.40 வெள்ளி. 5 பரோட்டா, 1 தே தாரிக் 8.60 வெள்ளி. 3ப + 2த = 7.40; 5ப + த = 8.60. இரண்டாவதை இரண்டால் பெருக்கி முதலாவதைக் கழித்தால் 7ப = 9.80. பரோட்டா 1.40, தே 1.60. சொன்ன மாதிரியே சட்டென்று முடித்துவிட்டான்.

சரி, வரைந்து பார் என்றேன். பரோட்டா விலை கிடையச்சில், தே விலை நிலையச்சில், 2 சென்டிமீட்டருக்கு 1 வெள்ளி. முதல் கோடு சாய்வாக இறங்குகிறது, இரண்டாவது கிட்டத்தட்டச் செங்குத்தாக விழுகிறது. இரண்டும் சின்னக் கட்டத்தின் முனையிலேயே வெட்டிக்கொண்டன. முதல் கோட்டில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் முதல் பில்லுக்குப் பொருந்தும் ஒரு விலைஜோடி. இரண்டு பில்லுக்கும் பொருந்துவது அந்த ஒரே புள்ளி. எலிமினேஷன் விடையைத் தரும், அது ஏன் ஒன்றே ஒன்று என்று காட்டாது.

ஆனால் கிராஃபை மட்டும் நம்பவும் முடியாது. 2ப + 3த = 7, 5ப − 2த = 3 என்று கொடுத்தால் விடை 23/19, 29/19. எவ்வளவு கூராகப் பென்சில் சீவினாலும் 19-இல் ஒரு பங்கைக் கட்டத்தில் படிக்க முடியாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த கணக்கு. முதல் பில் அப்படியே இருக்கட்டும். இரண்டாவது பில்: 6 பரோட்டா, 4 தே, 15.00 வெள்ளி. முதலாவதை இரண்டால் பெருக்கி இதிலிருந்து கழித்தால் 0 = 0.20 என்று வருகிறது. எங்கே தப்பு என்று பையன் மேலிருந்து தேட ஆரம்பித்துவிட்டான். கணக்கில் தப்பே இல்லை, ஒரே விலைப்பட்டியலில் இந்த இரண்டு பில்லும் வரவே முடியாது. வரைந்தால் இரண்டுக்கும் ஒரே சரிவு, எங்கும் சந்திக்காத இணைகோடுகள். அவற்றுக்கு இடையே மேலும் கீழுமான தூரம் 5 காசு, அதாவது தாளில் ஒரே ஒரு மில்லிமீட்டர். கொஞ்சம் அழுத்தி வரைந்தால் ஒரே கோடு என்றே தோன்றும். அப்படி நினைத்துவிட்டால் எண்ணற்ற விடைகள் என்று எழுதிவிடுவோம், உண்மையில் ஒன்றுகூட இல்லை. இங்கே 0 = 0.20-ஐப் புரியவைப்பது கிராஃப், கிராஃபில் கண் ஏமாறாமல் காப்பது அந்த 0.20.

இப்போது எந்த ஜோடியைக் கொடுத்தாலும் முதலில் வகுத்துப் பார்க்கச் சொல்கிறேன். 3/6-ம் 2/4-ம் சமம், ஆகவே ஒரே சரிவு. 7.40/15 அதற்குச் சமமில்லை, ஆகவே விடை கிடையாது. 14.80 என்று இருந்திருந்தால் இரண்டும் ஒரே கோடு.